வேற்றுக்கிரகவாசிக்கு எந்த வளவு

வேற்றுக்கிரகவாசிகளை நான் ஒருநாளும் மதித்ததில்லை. நிஜத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு இயற்பியலில் மரியாதையான இடம் உண்டு. கோவையில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் அதையும் சேர்த்துத்தான் பாடம் நடத்தினேன். நான் சொல்வது திரையில் வருகிறவர்களை.

ஒளியே வந்து சேர ஆண்டுக்கணக்காகும் தூரத்தைக் கடந்து வருவார்கள். வந்ததும் ஊரிலேயே உயரமான கட்டடம் எது என்று பார்த்து இடிப்பார்கள். கேட்டால், நம்முடைய தண்ணீர் வேண்டுமாம். காங்கேயத்துக் காட்டில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் புழுதியை மட்டும் கண்டவனிடம் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வான்வெளியில் பனிக்கட்டி மலை மலையாக மிதக்கிறது. அதையெல்லாம் தாண்டி வந்து நம் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்பவன் அறிவாளி என்றால், அவனுக்கு நான் தேர்ச்சி மதிப்பெண்கூடப் போடமாட்டேன். உருவமோ இன்னும் மோசம். இரண்டு கை, இரண்டு கால், நடுவில் ஒரு மூஞ்சி. தலையை மட்டும் தேர்த்திருவிழா பலூன் மாதிரி ஊதிவிட்டிருப்பார்கள். பிரபஞ்சத்தின் அத்தனை வாய்ப்புகளிலும் இவர்களுக்குத் தோன்றியது மொட்டைத்தலை ஒன்றுதான்.

பிறகு அழுமூஞ்சிகளின் காலம் வந்தது. இவர்கள் எதையும் இடிப்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயையோ, பெண்டாட்டி விட்டுப்போன ஒரு விஞ்ஞானியையோ தேடி வருவார்கள். மங்கலான வெளிச்சத்தில் மெதுவாகக் கையை நீட்டுவார்கள். பார்க்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். நான்கு தெரு தள்ளியிருக்கும் மனநல ஆலோசகர் செய்யக்கூடிய வேலைக்கு இன்னொரு விண்மீனிலிருந்து ஆள் வரவழைப்பது என்ன சிக்கனம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. நம் ஆட்கள் எடுத்தால் அது நாயகனுக்குச் சிநேகிதனாகி, இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டுக்கு ஆடும். இப்போது அந்த வேலையும் அவர்களுக்கு இல்லை. நம் பயத்துக்கெல்லாம் பேசும் இயந்திரங்கள் வந்துவிட்டன. வெளியிலிருந்து ஒருவன் வந்து நம்மை ஆட்டிவைப்பான் என்று யாரும் நம்புவதில்லை. சட்டைப்பையில் இருப்பதே போதுமானதாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது. எங்கள் ஊரில் ஒரு சின்ன திரைப்படக் கழகம் உண்டு. பம்புசெட் உதிரிபாகங்கள் விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஞாயிறு பிற்பகல்களில் கூடுவோம். நாற்பது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், ஓடும்போது பேச்சைக் கேட்கவிடாத ஒரு ஏர்கூலர். ஓய்வு பெற்ற பிறகு நான் அதன் தலைவரானேன். ஏளனமாகப் பேசுவது எனக்கு நன்றாக வரும் என்று அங்கேதான் கண்டுகொண்டேன். வகுப்பில் அப்படிப் பேசினால் மாணவர்கள் பயப்படுவார்கள், இங்கே சிரித்தார்கள். கிழவனுக்கு அது போதை.

சென்ற வருடம், திரையில் வேற்றுக்கிரகவாசிகளுக்கு இனி இடமுண்டா என்று ஒரு கூட்டம் போட்டோம். இல்லை என்பதை ஒன்றேகால் மணி நேரம் சொன்னேன். ஏர்கூலரையே நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து என் நண்பர் எழுந்தார்.

"ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க. வாரவங்க சரியில்லைன்னு இவ்வளவு நேரம் சொன்னீங்க. வந்தவங்களை நாம என்ன பண்ணுவோம்னு எந்தப் படத்துலயாச்சும் ஒழுங்கா காட்டியிருக்கறாங்களா?"

"சுட்டுத்தள்ளுவோமுங்க சார்! எல்லாப் படத்துலயும் அதைத்தானே காட்டறாங்க" என்றேன்.

"அது அமெரிக்காவுலீங்க. நம்மூர்ல எங்கீங்க சுடறாங்க? வாங்க வாங்கன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப நீங்களே ஒண்ணு எடுத்துப்போடுங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் போய் எடுத்துப்போட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். இருபத்தெட்டு வருடம் எங்கள் மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவருடைய அப்பா காங்கேயம் பக்கத்தில் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். எங்களுக்கு அதே பக்கத்தில் காடு தோட்டம் உண்டு, ஆட்கள் வைத்திருந்த குடும்பம். அவர் கிறிஸ்தவ விடுதி ஒன்றில் தங்கிப் படித்து மேலே வந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு கட்டியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குப் பஸ்ஸேறி என் வீட்டுக்கு வருவார். படம், அரசியல், பழைய பிரின்சிபாலின் அறியாமை என்று மதியம் வரை பேசுவோம். எனக்கு மிஞ்சிய ஒரே சிநேகிதம் அது. என் தாத்தா காலத்தில் அவருடைய ஆட்கள் எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும்; எங்கள் வீட்டுக் குழந்தை அவர்களில் கிழவரைக்கூட 'வாடா' என்று கூப்பிடும். நான் அப்படி இல்லை. அவரிடம் ஒருமுறைகூட 'ங்க' இல்லாமல் பேசியதில்லை. என் முற்போக்கு முழுவதும் அந்த ஒன்றரை எழுத்தில் அடங்கியிருந்தது.

கழகம் இந்த வருடம் குறும்படங்கள் கேட்டு அறிவித்தது. பாரபட்சம் கூடாது என்பதற்காகப் படங்களுக்கு எண் மட்டும் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்காது. அது நான் கொண்டுவந்த விதி. தேர்வு செய்ய மூன்று பேர், நான் தலைவர். தேர்வானவற்றை எங்கள் மாடியில் ஒரே நாளில் திரையிடுவோம். தேர்வாகாதவர்களுக்குக் காரணம் எழுதி அனுப்புவோம். அந்தக் காரணங்களை நான்தான் எழுதுவேன். வேறு யாரும் எழுத முன்வந்தாலும் விடமாட்டேன்.

பதினோராம் எண் படம் பதினெட்டு நிமிடம். கைபேசியில் எடுத்தது. முள்வேலி போட்ட ஒரு மேய்ச்சல் காடு, உச்சி வெயில். கேமரா நடந்து வருகிறது. எதிரே வருகிற ஒருவர் நின்று கேமராவையே பார்த்து, "ஏனுங்க, எந்தூருங்க?" என்கிறார். பதிலாக ஒரு கீச்சு ஒலி. கீழே எழுத்தில் ஏதோ ஒரு விண்மீனின் பெயர் வருகிறது. ஆக, கேமராதான் வேற்றுக்கிரகவாசி. அதன் உருவத்தைக் கடைசிவரை காட்டுவதில்லை.

எதிரே நிற்பவருக்கு அதிர்ச்சியே இல்லை. "அப்படீங்களா. ரொம்பத் தூரமுங்களே. அங்க எந்த வளவுங்க?" என்கிறார்.

வளவு என்றால் எங்கள் பக்கத்தில் வீடுகளின் தொகுதி. இன்ன ஆட்களுக்கு இன்ன வளவு என்று இருப்பதால் வளவைக் கேட்டுவிட்டால் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை. கேமரா மறுபடியும் கீச்சிடுகிறது. அவர் விடுவதில்லை. "இல்லீங்க, அந்த நட்சத்திரத்துல ஊருக்குள்ளயா, ஊருக்கு வெளியிலீங்களா?"

இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். குடியானவனின் வெகுளித்தனம் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தக் கேள்வியை நானே நூறு தடவையாவது கேட்டிருப்பேன், இதைவிட நாசூக்காக.

பிறகு கேமரா ஒரு வீட்டுக்குப் போகிறது. "வாங்க, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தள்ளி மரத்தடியில் போடுகிறார்கள். வீட்டு அம்மாள் பேப்பர் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்து, "குடிங்க, நல்லா குடிங்க, இன்னும் வேணுங்களா" என்கிறாள். இன்னும் வேண்டும் என்று கேமரா தானே குழாயடிக்குப் போகிறது. "அட, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, கையை ஏந்துங்க, நாங்க ஊத்தறோம்" என்று நான்கு பேர் ஓடிவருகிறார்கள். படம் முழுக்க ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. ஒரு சொல்கூட 'ங்க' இல்லாமல் வருவதில்லை. கேமரா காட்டைப் பார்த்துத் திரும்பி நடக்கும்போது பின்னால் நாற்காலிக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவ்வளவுதான் படம்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டே பாதியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பொம்பள என்னையாட்டமே கப்பைத் தள்ளி வெக்கறா பாருங்க" என்று சிரித்தாள்.

"பேசாம இரு, குறிப்பு எழுதறனில்ல" என்றேன்.

நான் எழுதியதை இங்கே மறைக்காமல் தருகிறேன். "வேற்றுக்கிரகவாசிகளின் காலம் திரையில் முடிந்துவிட்டது. இயக்குநருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. உருவத்தைக் காட்டக் கைவசம் ஒன்றுமில்லாததால் கேமராவையே பாத்திரமாக்கியிருப்பது சாமர்த்தியம், கலையல்ல. வானிலிருந்து ஒருவன் வந்து நிற்கும்போது ஒருவர்கூடத் திடுக்கிடாதது மனித இயல்புக்கு மாறானது. இயக்குநருக்கு எங்கள் வட்டாரப் பழக்கமும் தெரியவில்லை. கொங்கு நாட்டு வீடுகளில் விருந்தாளிக்குச் சொம்பில் தண்ணீர் கொடுப்பதே மரபு. பேப்பர் கப்பில் தண்ணீர் வைப்பது நம்பும்படி இல்லை."

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மற்ற நடுவர்கள் இருவருக்கும் படம் பிடித்திருந்தது. நான் அரைமணி நேரம் பேசி அவர்களை மாற்றினேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். வங்கியில் வேலை பார்க்கும் பெண், கருமத்தம்பட்டிக்காரர்.

"சார், ரிமார்க் அனுப்பறதுக்கு முன்னாடி பேரையெல்லாம் எடுத்துப் பார்த்தனுங்க. பதினோராம் நெம்பர் நம்ம கெமிஸ்ட்ரி சாரு அனுப்புனதுங்க."

"அப்படீங்களா" என்றேன்.

"இதை அப்படியே அனுப்பட்டுங்களா சார்? கொஞ்சம் காரமா இருக்குதுங்க. வேணும்னா நானே ரெண்டு வரி மாத்தி..."

"ஆளைப் பார்த்து மாத்தறதுக்கா நம்பர் போட்டோம்? அப்படியே அனுப்புங்க."

"சாரு சங்கடப்படுவாருங்களே."

"விஞ்ஞானம் படிச்சவரு. தாங்குவாருங்க."

நான் சொல்ல வந்த குற்றம் இதுதான். படத்தைப் புரிந்துகொள்ளாதது முட்டாள்தனம். அதற்கு மன்னிப்பு உண்டு. யாருடையது என்று தெரிந்த பிறகும் அதை அனுப்பச் சொன்னதும், சொல்லிவிட்டு என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டு மதியச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டதும் வேறு. அவருடைய படம் அந்த மாடியில் ஓட வேண்டும், இருபத்தெட்டு வருடம் உடன் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அனுப்பத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்தார். நான் வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மழை, பஸ் கூட்டம், மேட்டுப்பாளையம் ரோட்டில் தோண்டிப் போட்ட குழிகள் என்று பேசினார். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். எனக்கு எவர்சில்வர் டம்ளரும் அதை வைக்கும் வட்டாவும். அவருக்குப் பேப்பர் கப். அதை அவர் கையில் கொடுக்காமல் டீப்பாயின் அந்த ஓரத்தில் வைத்தாள்.

அவர் அதைக் கையில் எடுத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நீலப் பூ அச்சடித்த கப். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது நம்பும்படி இருக்குதுங்களா?"

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த டம்ளரை வட்டாவிலேயே திருப்பி வைத்தேன். கதவோரம் நின்ற என் மனைவி, "சக்கரை பத்தலீங்களா சார்?" என்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க மேடம். எப்பவும்போலத்தானுங்க இருக்குது."

காப்பியை மிச்சமில்லாமல் குடித்தார். கப்பை அவரே கசக்கி வெளியே குப்பைக் கூடையில் போட்டார். எத்தனையோ வருடமாக அவரேதான் போடுகிறார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளம்பும்போது, "போறேனுங்க சார்" என்றார். எப்போதும் "போயிட்டு வாரேனுங்க" என்பார். எங்கள் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்துகூடச் சொல்லாமல் எழுந்து போவோமே தவிர, யாரும் யாரிடமும் 'போறேன்' என்று சொல்வதில்லை.

கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். வேலையில் இருந்த நாட்களில் அவர் எப்போதாவது வந்தால், பேப்பர் கப் எங்கும் கிடைக்காத அந்தக் காலத்தில், அவருக்கென்று ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. சமையலறைக்கு வெளியே சன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்போம். ஒருமுறை வேறொரு விருந்தாளி அதைத் தெரியாமல் எடுத்தபோது நான் சட்டென்று கைநீட்டித் தடுத்தேன். பிறகு பேப்பர் கப் வந்தது. எங்களுக்கு எவ்வளவு நிம்மதி! இனிக் கோப்பையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை, கழுவ வேண்டியதில்லை, வெளிநாட்டுப் பழக்கம் மாதிரியும் இருக்கிறது. சாதிக்கு இவ்வளவு சுத்தபத்தமான கருவியை எந்தத் தாத்தாவாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மனைவியின் மேல் போட்டுத் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. மளிகைக் கடையில் அந்தப் பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கிவந்தவன் நான்.

அன்று அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் படத்துல இருக்கறவ என்னையாட்டமே வெக்கறான்னு அன்னிக்கே சொன்னனுங்களே. நீங்கதான் பேசாம இருன்னு போட்டீங்க."

"தெரிஞ்சும் இன்னிக்கு மறுபடி அதுலயே கொண்டாந்தியே?"

"நீங்க மாத்தச் சொன்னீங்களா?"



மூன்று மாதம் அவர் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் இரண்டாவது மணியிலேயே எடுப்பார். "நல்லா இருக்கறனுங்க சார். நீங்க நல்லா இருக்கறீங்களா? மேடம் நல்லா இருக்கறாங்களா? சரிங்க சார், வெச்சறட்டுங்களா?" என்பார். முன்பெல்லாம் எங்கள் பேச்சில் நான்கு சொல்லுக்கு ஒரு 'ங்க' வரும், மற்றதெல்லாம் கிண்டலாக இருக்கும். இப்போது சொல்லுக்குச் சொல் 'ங்க'. வெளியூர்க்காரர்கள் எங்கள் பாஷையின் மரியாதையைப் புகழ்ந்து தள்ளுவார்கள். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் எட்ட நிறுத்துவதும் அதை வைத்துத்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் அதைத் திரையில் பதினெட்டு நிமிடம் பார்த்துவிட்டு, வட்டாரப் பழக்கம் தெரியாத இயக்குநர் என்று எழுதினேன்.

அந்த மூன்று மாதத்தில் பதினோராம் எண் படத்தை நான்கு தடவை பார்த்தேன். ஒருவர்கூடத் திடுக்கிடாததுதான் அந்தப் படத்தின் உயிர். விண்மீனிலிருந்து வந்தவன் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கே உட்காரவைப்பது என்பதுதான் பிரச்சினை. நான் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்த அத்தனை வேற்றுக்கிரகப் படங்களும் வந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தலை எவ்வளவு பெரிது, அவன் ஆயுதம் என்ன, அவனுக்கு அழுகை வருமா. அவற்றின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை கிடையாது. இவர் கேமராவைத் திருப்பிவிட்டார். வந்தவன் நின்ற இடத்திலிருந்து வரவேற்றவர்களைப் பார்த்தார். அந்த இடத்துக்கு வேறு யாரும் பொருந்தமாட்டார்கள். வெளியூர்க்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினால்கூட அவனுக்கும் ஏதோ ஒரு சாதி இருந்து தொலைக்கும். அதைக் கண்டுபிடித்து அவனை ஓர் இடத்தில் உட்காரவைத்துவிடுவோம். எந்த வளவும் இல்லாத ஒருவன் வேண்டுமென்றால் வானத்திலிருந்துதான் வர வேண்டும். வந்தவனுக்கும் நாம் ஒரு வளவு கண்டுபிடித்துக்கொடுப்போம். இதை ஒன்றேகால் மணி நேரப் பேச்சில் நான் யோசிக்கக்கூட இல்லை.

கழகத்தில் பேசினேன். பதினோராம் எண்ணைத் திரையிட வேண்டும், நான் தலைவர் பொறுப்பை விடுகிறேன் என்றேன். விடுவதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை; அது கொஞ்சம் வலித்தது. அவர் சம்மதம் வேண்டும் என்றார்கள். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை, அவருடைய மகள் கல்யாணத்துக்கு முந்தைய நாள். அன்றும் வாசலோடு நின்று, "சாப்பிட்டுத்தானுங்க வந்தோம்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர்.

"அட, சாருங்களா! வாங்க. வழியெல்லாம் தெரிஞ்சுதுங்களா?"

"விசாரிச்சு வந்தனுங்க."

"அப்ப எந்த வளவுன்னு கேட்டிருப்பாங்களே" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். உள்ளேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன்.

அவர் எதிரில் உட்கார்ந்து, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததையெல்லாம் சொன்னேன். படத்தைப் புரிந்துகொள்ளவில்லை, யாருடையது என்று தெரிந்த பிறகும் அனுப்பச் சொன்னேன், கோப்பை முதல் கப் வரை தெரிந்துதான் செய்தோம், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கழகத்தில் திரையிடப் போகிறோம் என்று சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினார்.

"முதல்ல நான் எல்லாருகிட்டயும் என் தப்பைச் சொல்லிப்போடறனுங்க. அப்பறமா படத்தை..."

"அப்பவும் நீங்கதானுங்க பேசுவீங்க?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"இல்லீங்க சார், தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணேகால் மணி நேரம் நீங்க அழுது முடிச்சப்பறம் என் படத்தை யாருங்க பார்ப்பாங்க? உங்களைத்தான் பார்ப்பாங்க. அந்த மாடியில வேண்டாங்க. ஆசைப்பட்டேன், இல்லைன்னு சொல்லலீங்க. இப்ப இல்லீங்க. எங்கண்ணன் ஊருல, காங்கேயத்துக்குப் பக்கத்துல, சர்ச்சுக்கு முன்னால வேட்டியைத் திரையாக் கட்டிப் போட்டுக்கறனுங்க. அதுல நடிச்சவங்க பாதிப்பேரு அங்கத்தவங்கதானுங்க. எங்காளுகதான் உங்காளுகளா நடிச்சாங்க. ரிகர்சலே வேண்டியிருக்கலீங்க."

"வியாழக்கிழமை..." என்று இழுத்தேன்.

"அதைப் பத்தி அப்பறம் பார்க்கலாமுங்க சார். இப்ப எனக்கு ஒரு ஒத்தாசை வேணுமுங்க."

எதுவானாலும் செய்கிறேன் என்றேன். அவர் கைபேசியை எடுத்து மேசையில் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் நிறுத்தினார்.

"படத்துல ஒரு கொறை இருக்குதுங்க. நீங்க கண்டுபிடிக்காத கொறை. எல்லாரும் கடைசிவரைக்கும் மரியாதையாவே இருந்துபோடறாங்க. மனசுல இருக்கறதை ஒருத்தரும் வாயைத் தொறந்து சொல்லறதில்லை. நாற்காலிக்குத் தண்ணி அடிச்சு முடிச்சப்பறம் இருட்டுல ஒரு கொரல் வந்தா நல்லா இருக்குமுங்க. நீங்க எழுதுன ரிமார்க்கைப் படிச்சுக் குடுங்க. பேரு போடமாட்டனுங்க."

தாளை நீட்டினார். அச்செடுத்து வைத்திருந்தார். எழுத்து அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தேவைப்படவும் இல்லை, எல்லாம் நினைவிருந்தது. படித்தேன். 'எங்கள் வட்டாரப் பழக்கமும்' என்ற இடத்தில் குரல் உடைந்தது.

அவர் நிறுத்தினார். "எழுதறப்ப அழுதீங்களா சார்?"

"இல்லீங்க."

"அப்ப இது பொய்யாகிப்போகுமுங்க. இன்னொருக்கா."

மறுபடி படித்தேன். அழுகை வராமல் பார்த்துக்கொண்டேன். பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டார்.

"ரொம்பப் பணிவா படிக்கறீங்க. சர்ச்சுல வேதம் வாசிக்கற மாதிரி இருக்குதுங்க. மாடியில பேசறப்ப நீங்க இப்படியா பேசுவீங்க? ஏர்கூலரை நிறுத்திப்போட்டாங்கன்னு வெச்சுக்குங்க. எல்லாரும் சிரிக்கறதுக்குத் தயாரா உங்களையே பார்த்துட்டு உக்காந்திருக்கறாங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. டீச்சரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் தடவை தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டேன். 'செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை' என்ற இடத்தில் உதட்டோரத்தில் பழைய சிரிப்பு தானாக வந்தது. 'சாமர்த்தியம், கலையல்ல' என்பதற்கு நடுவே வழக்கமாக விடும் இடைவெளி விழுந்தது. கடைசி வாக்கியத்துக்கு முன்னால், சிரிப்பை எதிர்பார்த்துக் கூட்டத்தைப் பார்ப்பேனே, அப்படி எதிரே பார்த்தேன். அங்கே அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தையும் சொன்னேன். தடங்கலே இல்லாமல் வந்தது.

அவர் பதிவை ஒருமுறை போட்டுக் காட்டினார். யாரோ ஒரு படித்த மனிதர், நல்ல உச்சரிப்பு, எதையும் நம்பாத குரல். அதில் நடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை.

"இன்னொரு தடவை வேணுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க சார்" என்றார், கைபேசியைத் துடைத்துக்கொண்டே. "இது போதுமுங்க."